கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை: நீலகிரிப் பெண்களுக்கு முழுமையான வழிகாட்டி

பரிசோதனை அறைக்குள் ஆகிற நேரம் ஐந்து, பத்து நிமிஷம்தான். அங்கே பெரிதாக யாரும் தடுமாறுவதில்லை. நாள் குறிப்பதிலும், முடிவு வந்த பிறகு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போவதிலும்தான் தடுமாற்றம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்துப் பெண்களோடு துணைக்குப் போய்வருகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் டாக்டரோ நர்ஸோ கிடையாது. எதை எந்த வரிசையில் செய்தால் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் வீணாகாது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். சிகிச்சை பற்றிய முடிவு உங்கள் டாக்டருடையது.

1. இது உங்களுக்கான டெஸ்ட்தானா என்று பாருங்கள்

அரசுத் திட்டத்தில் 30 வயதிலிருந்து 65 வயது வரை உள்ள பெண்களுக்கு இந்தப் பரிசோதனை. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே செய்துகொள்ள வேண்டியது. காரணம் இதுதான்: உறவின் வழியாகப் பரவுகிற ஹெச்பிவி என்ற வைரஸ் கர்ப்பப்பை வாயில் நீண்ட நாள் தங்கிவிட்டால் அங்குள்ள செல்கள் மெல்ல மாறுகின்றன. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றப் பொதுவாக 10 முதல் 20 வருஷம் ஆகும். இடைப்பட்ட காலத்தில் வலி இருக்காது, வெளியே ஒன்றும் தெரியாது. அப்போதே கண்டுபிடித்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்துவிட்டால் புற்றுநோய் வரைக்கும் போகாது.

எச்ஐவி இருக்கிற பெண்களுக்கு இந்த மாற்றம் வேகமாக நடக்கும். அவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எச்ஐவிக்கு மாத்திரை தருகிற ஏஆர்டி மையத்துக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.

அடிக்கடி குழப்பம் வருகிற ஆட்கள் சிலர்:

ஏற்கெனவே தொந்தரவு இருப்பவர்கள். உறவுக்குப் பிறகு ரத்தம், வயதாகித் தீட்டு நின்றுபோன பிறகு மறுபடி ரத்தம், மாதவிலக்குக்கு இடையில் ரத்தம், கெட்ட வாடையோடு வெள்ளைப்படுதல் இருந்தால் முகாம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நேரே அரசு மருத்துவமனையில் பெண்கள் பிரிவு டாக்டரிடம் போங்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே ‘ரத்தம் படுகிறது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘சும்மா செக்கப்’ என்று சொன்னால் வரிசையும் வேறு, பார்க்கிற விதமும் வேறு.

கர்ப்பப்பையை எடுத்தவர்கள். முழுதாக எடுத்துவிட்டார்களா, வாய்ப்பகுதியை விட்டுவைத்தார்களா என்பது பலருக்குத் தெரியாது. வாய்ப்பகுதி இருந்தால் டெஸ்ட் தேவை. முழுதாக எடுத்திருந்தாலும் எதற்காக எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து டாக்டர் முடிவு சொல்வார். அதனால் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள்.

‘அவர் போய் பத்து வருஷம் ஆச்சு, எனக்கு எதுக்கு’ என்பவர்கள். இதைக் கேட்காத ஊர் இல்லை. வைரஸ் உள்ளே வந்தது இருபது வருஷத்துக்கு முன்னாலும் இருக்கலாம். கணவர் இல்லாததும் தீட்டு நின்றுபோனதும் டெஸ்ட்டைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது.

குடும்பக் கட்டுப்பாடு செய்தவர்களும் காப்பர்-டி போட்டவர்களும் தாராளமாகச் செய்யலாம். காப்பர்-டி இருப்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தால், அல்லது நாள் தள்ளிப்போயிருந்தால், அதையும் முதலில் சொல்லுங்கள்.

2. எந்த டெஸ்ட், எங்கே என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வகை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் செய்வது விஐஏ. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் விட்டு, வெள்ளையாக மாறுகிற இடம் உண்டா என்று கண்ணால் பார்ப்பார்கள். செலவு இல்லை, முடிவு அங்கேயே தெரிந்துவிடும். மலையில் இருப்பவர்களுக்கு இதைவிடத் தோதானது எது? ரிப்போர்ட் வாங்க இன்னொரு நாள் கூலியை விட வேண்டாம்.

பாப் ஸ்மியரில் செல்களைத் தேய்த்து எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். முடிவு வரச் சில நாள், சில இடத்தில் சில வாரம்கூட ஆகும். மூன்றாவது ஹெச்பிவி டெஸ்ட். வைரஸ் இருக்கிறதா என்றே பார்ப்பதால் மூன்றிலும் இதுதான் நுணுக்கமானது. இதற்கான மாதிரியைப் பெண்ணே தன் கையால் எடுக்கவும் முடியும். ஆனால் எல்லா இடத்திலும் கிடைக்காது.

தீட்டு நின்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயது ஏற ஏற, பார்க்க வேண்டிய இடம் உள்ளே ஏறிப்போகும். விஐஏ-வில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ‘பார்க்க முடியவில்லை’ என்று சொன்னால் அதை ‘ஒன்றும் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். பாப் ஸ்மியர் அல்லது ஹெச்பிவி டெஸ்ட்டுக்கு எங்கே போக வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள்.

இடம் என்றால், முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். சுகர், பிரஷர் பார்க்கிற நர்ஸிடமே விசாரிக்கலாம். அதற்கு மேலே குன்னூர், கோத்தகிரி, கூடலூர் மாதிரி தாலுகா ஊர்களின் அரசு மருத்துவமனைகள், ஊட்டியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிளம்புவதற்கு முன் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்: இந்த டெஸ்ட் எந்தக் கிழமை? செய்கிற நர்ஸ் அன்றைக்கு இருப்பாரா? எத்தனை மணிக்குள் வர வேண்டும்? பந்தலூர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ‘சிஸ்டர் டிரெய்னிங் போயிருக்காங்க, அடுத்த வாரம் வாங்க’ என்று கேட்ட பெண் மறுபடி வரமாட்டாள்.

முகாம் நடந்தால் நல்லது. ஆனால் முகாம் தேதிக்கும் உங்கள் உடம்பின் தேதிக்கும் சம்பந்தம் கிடையாது. ஒத்துவந்தால் போங்கள், ஒத்துவராவிட்டால் ‘முகாமிலேயே முடியலையே’ என்று கைவிடாமல் சுகாதார நிலையத்தில் தனியாக நாள் குறியுங்கள்.

3. நாள் குறியுங்கள்

வந்தவர்கள் திரும்பிப் போவதற்குப் பெரும்பாலும் இந்தப் படிதான் காரணம். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மாதவிலக்கு தொடங்கிய நாளை 1 என்று வைத்து எண்ணுங்கள். 10-ஆம் நாளிலிருந்து 20-ஆம் நாள் வரை நல்ல நாட்கள். 3-ஆம் தேதி தொடங்கியது என்றால் 12-ஆம் தேதி முதல் 22-ஆம் தேதி வரை. நின்ற நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நிறைய. தொடங்கிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். ரத்தம் இருந்தால் நிற மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, பாப் ஸ்மியரிலும் செல்கள் மறைந்துவிடும். அதனால்தான் இந்தக் கணக்கு.

தேதி ஒழுங்கில்லாதவர்கள் ரத்தம் இல்லாத எந்த நாளும் போகலாம். தீட்டு நின்றவர்களுக்கு நாள் கணக்கே இல்லை. மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போட்டுக்கொண்டு வருவது வேண்டாம். கோயிலுக்குப் போடுகிற பழக்கத்தில் இதற்கும் சிலர் போடுகிறார்கள். அடுத்த மாதம் வந்தால் போதும், ஒரு மாதத்தில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இது தொந்தரவு இல்லாதவர்களுக்கு மட்டும்.

சரி, அந்தப் பத்துப் பதினோரு நாளில் எதைத் தேர்ந்தெடுப்பது? முதல் பாதியில் ஒன்றைப் பிடியுங்கள். கடைசி நாளை வைத்துக்கொண்டால், அன்றைக்கு ரோட்டில் மரம் விழுந்தால் அந்த மாதம் போச்சு. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் மண் சரியும். முடிந்தால் இந்த மாதங்களை விட்டு நாள் வையுங்கள்.

தேயிலைக் கொழுந்து கொட்டுகிற நேரத்தில் யாரும் லீவு போடமாட்டார்கள், தெரிந்ததுதான். கிலோவுக்குக் காசு என்றால் அந்த வாரங்களில் ஒரு நாள் விடுவது பெரிய நஷ்டம். அதனால் கொழுந்து குறைகிற மாதத்தில் நாள் குறித்து, சூப்பர்வைசரிடம் இரண்டு நாள் முன்பே ‘ஆஸ்பத்திரிக்குப் போகணும்’ என்று சொல்லிவிடுங்கள். என்ன டெஸ்ட் என்று விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இன்னொன்று. எஸ்டேட் லைன் வீடுகளில் ஐந்தாறு பேர் சேர்ந்து போகலாம் என்று திட்டம் போடுவார்கள். பேச்சுத் துணைக்கு நல்லதுதான், ஆனால் ஐந்தாறு பேருக்கும் ஒரே வாரம் ஒத்துவராது. இரண்டு பேராகப் போங்கள். நாள் கணக்குப் பார்க்க வேண்டாத, தீட்டு நின்ற அக்கா ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் இருவர் வேலையும் ஒரே நாளில் முடியும்.

4. இரண்டு நாள் முன்பிருந்து இவற்றை விடுங்கள்

48 மணி நேரத்துக்கு உறவு வேண்டாம். உள்ளே வைக்கிற மாத்திரை, க்ரீம் வேண்டாம். உள்ளே கழுவவும் வேண்டாம். வெள்ளைப்படுதலுக்கு டெட்டால் தண்ணீர், உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுகிற பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. டாக்டரிடம் போகிறோமே, சுத்தமாகப் போவோம் என்று அன்றைக்குப் பார்த்துக் கூடுதலாகக் கழுவிக்கொண்டு வருவார்கள். எடுக்க வேண்டிய செல்லும் சுரப்பும் தண்ணீரோடு போய்விடும், டெட்டால் புண்ணும் ஆக்கும். வெளியே வழக்கம்போலக் குளித்தால் போதும். முடி எடுக்க வேண்டியதும் இல்லை.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், இந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு தேவை இல்லை. அதே நாளில் சுகரும் பார்ப்பதாக இருந்தால் மட்டும் முன்னாடியே கேட்டுக்கொண்டு வாருங்கள்.

5. கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஆதார், ரேஷன் கார்டு இரண்டின் நகல். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அது. பழைய ஸ்கேன், ஆபரேஷன் சீட்டுகள். கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதி எழுதிய தாள், ஏனென்றால் முதல் கேள்வியே அதுதான். ஒரு நாப்கின்.

உடுப்பில் சேலை, அல்லது பாவாடையும் மேல்சட்டையும் வசதி. இடுப்புக்கு மேலே தூக்கிக்கொண்டால் போதும். சுடிதார் என்றால் பேன்ட்டை முழுதாகக் கழற்ற வேண்டியிருக்கும், ஊட்டிக் குளிரில் அது தனிச் சங்கடம். சாக்ஸ் போட்டிருந்தால் கழற்ற வேண்டாம்.

போன் நம்பர் விஷயத்தில் கவனம். சீட்டு போடும்போது பழக்கத்தில் கணவர் நம்பரையோ பக்கத்துக் கடை நம்பரையோ சொல்லிவிடுவார்கள். மறுபடி வரச் சொல்லி அங்கிருந்து கூப்பிட்டால், விஷயம் உங்களுக்கு முன்னால் லைன் முழுக்கத் தெரிந்திருக்கும், அல்லது உங்களுக்கு வந்தே சேராது. நீங்களே எடுக்கிற நம்பர் ஒன்று, சிக்னல் இல்லாதபோது கூப்பிட நம்பிக்கையான ஒரு பெண்ணின் நம்பர் ஒன்று, இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

6. அறைக்குள் நடப்பது

உள்ளே போவதற்குச் சற்று முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் அழுத்தும்போது வலிப்பதுபோல் இருக்கும்.

திரை மறைப்புக்குள் மேஜையில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி அகட்டச் சொல்வார்கள். நர்ஸ் விளக்கைத் திருப்பி வைத்துக்கொள்வார். வாத்து அலகு மாதிரி ஒரு கருவி, ஸ்பெகுலம் என்று பெயர், அதை உள்ளே வைத்து மெல்ல விரிப்பார். டிசம்பர், ஜனவரியில் இரும்பு ஸ்பெகுலம் சில்லென்று இருக்கும், உடம்பு தானாக இறுகும். ‘கொஞ்சம் சுடுதண்ணியில் காட்டுங்க சிஸ்டர்’ என்று கேட்கலாம், தப்பில்லை. இடுப்பை மேலே தூக்காமல் மேஜையோடு ஒட்டி வைத்து, வாயால் மூச்சை விடுங்கள். தூக்கினால் கருவி சரியான இடத்தில் உட்காராது, மறுபடி வைக்க வேண்டிவரும்.

விஐஏ என்றால் அசிட்டிக் அமிலம் தடவும்போது வினிகர் வாடை வரும், லேசான எரிச்சல் இருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் அசையாமல் இருங்கள். பாப் ஸ்மியர் என்றால் சின்ன பிரஷ் சுழல்வது தெரியும். அன்றைக்கும் மறுநாளும் பொட்டுப் பொட்டாக ரத்தம் படலாம், அதற்குத்தான் நாப்கின்.

பெண் நர்ஸ்தான் பார்க்க வேண்டும் என்றோ, கூட வந்தவர் உள்ளே இருக்கட்டும் என்றோ நீங்கள் கேட்கலாம். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். மார்பகப் பரிசோதனையையும் அதே இடத்தில் செய்வது உண்டு, இன்னொரு நாளைக்கு என்று தள்ளாமல் முடித்துவிடுங்கள்.

7. எழுந்து வெளியே வருவதற்கு முன் கேட்க வேண்டியவை

முடிவை வாயால் கேட்டால் மட்டும் போதாது, சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வேறு நர்ஸ் இருப்பார். பாப் ஸ்மியர் என்றால் ரிப்போர்ட் எந்தத் தேதிக்கு மேல், யாரிடம், எந்த அறையில் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘ஏதாவது இருந்தா கூப்பிடுவாங்க’ என்று இருந்துவிடுவது பெரிய தப்பு. கூப்பிடவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் கிடையாது. ரிப்போர்ட் வராமலும் இருக்கலாம், உங்கள் போன் கிடைக்காமலும் இருந்திருக்கலாம்.

8. முடிவைப் படிப்பது

விஐஏ நெகட்டிவ் என்றால் இப்போதைக்கு மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று பொருள்.

விஐஏ பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருள் இல்லை. வெள்ளையாக ஓர் இடம் தெரிகிறது, பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். புண், வீக்கம் இருந்தாலும் வெள்ளையாகத் தெரியலாம். பாசிட்டிவ் என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. இருந்தும் இந்த ஒரு சொல்லைக் கேட்டதும், கேன்சர் என்று முடிவுகட்டி அழுதுகொண்டே வீட்டுக்குப் போய் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகாமலே இருந்துவிடுகிற பெண்கள் உண்டு. பயத்தால் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. ‘கேன்சர் இல்லைன்னு சொன்னாங்களே’ என்று நிம்மதியாகப் போகாமல் இருப்பவர்களிடம்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு வகையும் வேண்டாம்.

பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் ‘இன்ஃப்ளமேட்டரி’ என்று எழுதியிருந்தால் புண், அழற்சி என்று அர்த்தம், புற்றுநோய் இல்லை. ‘அன்சாடிஸ்ஃபேக்டரி’ என்றால் எடுத்த மாதிரி சரியில்லை, மறுபடி எடுக்க வேண்டும். எல்எஸ்ஐஎல் லேசான மாற்றம், எச்எஸ்ஐஎல் கூடுதலான மாற்றம். இரண்டுக்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும், இரண்டாவதுக்குத் தாமதமே கூடாது.

ஹெச்பிவி பாசிட்டிவ் வந்தால் வீட்டில் வேறு மாதிரி சண்டை கிளம்பும். உறவு கொள்கிறவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது வந்துபோகிற வைரஸ் இது. எப்போது வந்தது, யாரிடமிருந்து என்று சொல்ல எந்த டெஸ்ட்டும் கிடையாது. இதை வைத்துக் கணவரையும் சந்தேகப்பட முடியாது, மனைவியையும் சந்தேகப்பட முடியாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே விரட்டிவிடும். தங்கிப்போனதா என்று பார்க்கத்தான் மேல் பரிசோதனை.

9. அடுத்த ஆஸ்பத்திரி: கோல்போஸ்கோபி

பாசிட்டிவ் என்றால் ரெஃபரல் சீட்டோடு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சீட்டு வாங்கிய அந்த இடத்திலேயே, அந்த நர்ஸ் முன்னாலேயே, போகிற தேதியைக் குறியுங்கள். ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று வந்தால் அது பொங்கலுக்கு அப்புறம், தேர்த் திருவிழாவுக்கு அப்புறம் என்று நீண்டுகொண்டே போகும். மாதவிலக்குக் கணக்கு இதற்கும் உண்டு, படி 3-ஐப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோல்போஸ்கோபி என்பது உருப்பெருக்கி வழியாகப் பார்ப்பது. ஸ்பெகுலம் இதற்கும் வைப்பார்கள், ஆனால் உருப்பெருக்கி வெளியேதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் மிகச் சிறிய துணுக்கு ஒன்றை எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். துணுக்கு எடுத்தால் நோய் பரவிவிடும் என்று லைனில் சொல்வார்கள். அப்படி எதுவும் இல்லை, அது இல்லாமல் என்ன நோய் என்று உறுதி செய்யவும் முடியாது.

மாற்றம் இருந்து சிகிச்சை தேவை என்றால், உறைய வைப்பது, சூட்டினால் கருக்குவது, மின்கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் எடுப்பது என்று வழிகள் உண்டு. பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு சில வாரம் தண்ணீர்போல் வடியும். நான்கு வாரம் உறவு வேண்டாம் என்பார்கள். கொழுந்து மூட்டை தூக்குகிறவர்கள், விறகு சுமக்கிறவர்கள் எத்தனை நாள் சுமக்கக் கூடாது என்று தனியாகக் கேளுங்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொல்லாவிட்டால் டாக்டருக்குத் தெரியாது. அதிக ரத்தம், காய்ச்சல், நாற்றம் இருந்தால் உடனே திரும்பப் போங்கள். சிகிச்சை முடிந்து ஒரு வருஷத்தில் மறுபடி பரிசோதனை உண்டு.

புற்றுநோய் என்றே உறுதியானால் கதிர்வீச்சு சிகிச்சைக்கு மலையிலிருந்து பெரும்பாலும் கோவைக்கு அனுப்புவார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை உண்டு. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாரோடு உடனே விண்ணப்பியுங்கள். கோவைக்குப் போன பிறகு சான்றிதழுக்காக மறுபடி மலையேறி வருவதைவிட, துணுக்கு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற நாட்களிலேயே இந்த வேலையை முடிப்பது நல்லது.

10. அடுத்த தேதி, அப்புறம் மகள்

எல்லாம் சரி என்று வந்தவர்களுக்கு: விஐஏ-வை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை என்று இந்திய அரசின் வழிகாட்டுதல் வைத்திருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் மூன்று வருஷம் என்கிறது. பக்கத்தில் சுகாதார நிலையம் இருந்தால் மூன்று வருஷக் கணக்கையே பிடியுங்கள் என்பது என் யோசனை. பாப் ஸ்மியரும் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. ஹெச்பிவி நெகட்டிவ் என்றால் ஐந்து முதல் பத்து வருஷம் வரை பொறுக்கலாம். இடையில் ரத்தம் பட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, உடனே போக வேண்டும்.

வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளை இருந்தால் ஹெச்பிவி தடுப்பூசி பற்றி அதே நர்ஸிடம் கேளுங்கள். திருமணத்துக்கு முன், அந்த வயதிலேயே போடுவதுதான் முழுப் பலன் தரும். ஊசி போட்ட பிள்ளையும் 30 வயதில் இந்தப் பரிசோதனைக்கு வர வேண்டும், எல்லா வகை ஹெச்பிவியையும் ஊசி தடுப்பதில்லை. ஊசி போட்ட அட்டையைப் பள்ளிச் சான்றிதழ்கள் இருக்கிற பையிலேயே போட்டு வையுங்கள், கல்யாணமாகி வேறு ஊர் போகும்போது கூடவே போகும்.